ஓர் அடைமொழியின் விலை

செய்யுளை ஆராய்வதற்கு எத்துணை நுட்பம் வேண்டுமோ, அத்துணை நுட்பம் சட்டத்தை ஆராய்வதற்கும் வேண்டும். செய்யுளில் ஒரு சொல் பிறழ்ந்தால் சுவை கெடும். சட்டத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஊர் கெடும். எனினும், நம் தமிழ் வகுப்புகளில் செய்யுளுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி, அரசறிக்கைகளுக்கும் உடன்படிக்கைகளுக்கும் கிடைப்பதில்லை. அவை வழக்கறிஞர்க்கும் வணிகர்க்கும் உரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்குவது பிழை என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று கோலாலம்பூரிலேயே உள்ளது.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், ஆசியான் உச்சநிலை மாநாடு தலைநகரில் கூடியபோது, மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிமும் அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்பும் வாணிக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். இன்றியமையாக் கனிமங்களின் வழங்கல் தொடரைப் பரவலாக்குவது குறித்த புரிந்துணர்வுக் குறிப்பு ஒன்றும் அன்றே கையெழுத்தாயிற்று. அவற்றின் பின்வரலாறு எவ்வாறு அமைந்தாலும் அமைக. அன்று எழுத்தில் ஏறிய சொற்கள் ஆராயத்தக்கவை. ஏனெனில், உடன்படிக்கைகள் மாறினாலும் அவற்றின் மொழி அடுத்த உடன்படிக்கைக்கு அச்சாகி விடுகின்றது.

இரண்டு பாடங்கள்

முதலில் இரண்டு பாடங்களை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். 2023 செப்டம்பரில், பதப்படுத்தப்படாத அருமண் கனிமங்களின் ஏற்றுமதியைத் தடை செய்யப்போவதாக மலேசிய அரசு அறிவித்தது. 2024 சனவரி முதல் நாளன்று அத்தடை நடைமுறைக்கு வந்தது. நாட்டில் ஒரு கோடியே 60 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அருமண் இருக்கக்கூடும் என்பது அரசின் மதிப்பீடு. அதை மண்ணாகவே கப்பலேற்றாமல், இங்கேயே பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கி விற்றால் நாட்டுக்கு ஊதியம் மிகும் என்பது தடையின் நோக்கம். இது முதற்பாடம்.

2025 அக்டோபரில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கை இரண்டாம் பாடம். அமெரிக்காவிற்குச் செல்லும் இன்றியமையாக் கனிமங்களையோ அருமண் தனிமங்களையோ தடை செய்வதில்லை என்றும், அவற்றிற்கு அளவுக் கட்டு விதிப்பதில்லை என்றும் மலேசியா அதில் உறுதி கூறியது. அமெரிக்க நிறுவனங்களோடு சேர்ந்து இத்துறையை விரைந்து வளர்ப்பதாகவும், தொழில் நடத்துவதற்கான உரிமங்களின் காலத்தை நீட்டுவதாகவும் அவ்வறிக்கை கூறுகின்றது.

முதற்பாடத்தில் ‘பதப்படுத்தப்படாத’ என்னும் அடைமொழி உண்டு. இரண்டாம் பாடத்தில் அது இல்லை. இவ்வொரு சொல்லின் இருப்பும் இன்மையுமே ஆராய்ச்சிக்குரிய பொருள்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் அடைமொழிகளைப் பற்றி நுட்பமான விதி ஒன்று கூறியுள்ளார். ஓர் அடைமொழி, தான் சேர்ந்த பொருளை அதன் இனத்திலிருந்து பிரித்துக் காட்டுமானால் அது வழக்கிற்கு உரியது. பிரித்துக் காட்டாமல் அழகுக்கு மட்டும் நிற்குமானால் அது செய்யுளுக்கு உரியது. நன்னூலாரோ, இனமுள்ள அடையும் இனமில்லா அடையும் இரு வழக்கிலும் வரும் என்றார். ‘செந்தாமரை’ என்றால் வெண்தாமரை என்னும் இனம் உண்டு என்பது பெறப்படும். ‘செஞ்ஞாயிறு’ என்றால் கருஞாயிறு என ஒன்று இல்லை. ஆகவே அது செய்யுள் வழக்கு. மாணவர்க்கு நாள்தோறும் கற்பிக்கும் விதி இது.

சட்டம் செய்யுளன்று, வழக்கு. ஆகவே சட்டத்தில் வரும் அடைமொழி ஒவ்வொன்றும் இனத்தைச் சுட்டியே நிற்றல் வேண்டும். ‘பதப்படுத்தப்படாத அருமண்’ என்றபோது, பதப்படுத்தப்பட்ட அருமண் என்னும் இனம் வேறாக உண்டு என்பதும், தடை முன்னதற்கே உரியது என்பதும் தெளிவாயின. அடைமொழியை நீக்கி ‘அருமண்’ என்று மட்டும் எழுதினால் இரண்டு இனமும் அதனுள் அடங்கும். அப்படியானால், தடை செய்வதில்லை என்னும் பிற்கால உறுதிமொழி, தடை செய்தோம் என்னும் முற்கால அறிவிப்பை விழுங்கிவிடாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

அந்த ஐயம் எழவும் செய்தது. பதப்படுத்தப்படாத மண்ணுக்கான தடை தொடரும் என்று சில நாட்களிலேயே வாணிக அமைச்சர் விளக்கம் கூறினார். அவ்விளக்கத்தின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும் உரையாசிரியர் இல்லாமல் பொருள் விளங்காத நூற்பா செய்யுளுக்குப் பெருமையாகலாம்; சட்டத்திற்கு அது குறை. உரையாசிரியர் மாறுவர், அமைச்சர்களும் மாறுவர். எழுத்தில் உள்ளதே நிற்கும்.

பெயரால் வரும் மயக்கம்

அடைமொழியை ஆராய்ந்த பின்னர்ப் பெயரையும் ஆராய்தல் வேண்டும். ‘அரிய மண்’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. அது அரியதும் அன்று, மண்ணும் அன்று. அவை 17 உலோகத் தனிமங்கள். அவற்றுள் ஒன்றான சீரியம், பூமியின் மேலோட்டில் செம்புக்கு நிகரான அளவில் பரவிக் கிடக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டு இட்டர்பி என்னும் ஊரில் கிடைத்த கல்லிலிருந்து இவற்றை அறியத் தொடங்கிய அறிஞர்கள், அக்கால வேதியியல் வழக்கின்படி இவற்றின் ஆக்சைடுகளை ‘மண்’ என்றனர். அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அரியது, இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் தொழில். ஒரே கல்லில் பல தனிமங்கள் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒத்த குணத்தோடு கலந்து கிடக்கும். அமிலங்களிலும் கரைப்பான்களிலும் மீண்டும் மீண்டும் செலுத்தித்தான் அவற்றைப் பிரிக்க இயலும். இத்தொழிலில் பெரும்பகுதி சீனாவின் கையில் உள்ளது. 2023 டிசம்பரில் சீனா அத்தொழில்நுட்பத்தை வெளியே விற்பதற்குத் தடை விதித்தது; 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்றது. மோட்டார் வண்டித் தொழிலும் படைக்கருவித் தொழிலும் உலகெங்கும் திகைத்தன. பெரிய நாடுகள் கோலாலம்பூரின் கதவைத் தட்டியதற்குக் காரணம் இதுவே.

‘இன்றியமையாக் கனிமம்’ என்னும் தொடரிலும் ஒரு குறை உண்டு. ‘இன்றியமையாத’ என்றால் ‘எவர்க்கு?’ என்று நான்காம் வேற்றுமை கேட்கும். நீரின்றி உலகம் அமையாது. அது எல்லார்க்கும் பொது. டிஸ்புரோசியம் இன்றி அமையாதது எது? மின்வண்டியின் பொறியும் போர் விமானத்தின் பொறியும். ஆகவே ‘இன்றியமையாத’ என்பது வாங்குவோர் தம் தேவையை நோக்கிச் சூட்டிய அடைமொழி. விற்பவரின் ஆற்றுக்கும் காட்டுக்கும் எது இன்றியமையாதது என்று அத்தொடர் கேட்பதில்லை.

ஈயம் கற்பித்த பாடம்

பதப்படுத்தாத கனிமத்தை வெளியேற விடாத சட்டம் இந்நாட்டிற்குப் புதிதன்று. கோலாலம்பூர் ஈயத்தால் எழுந்த நகரம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் நோக்கிச் சென்றவர்கள் தேடியது ஈயத்தையே. 1886இல் கிள்ளான் பக்கமிருந்து தலைநகர்க்கு இருப்புப்பாதை அமைந்ததும் ஈயத்தை ஏற்றிச் செல்லவே. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் செங்கற்சூளையும் இரயில்வேயும் பெருக, நம்மவர் அங்குக் குடியேறினர். தோட்டத்தார் மலாய்ச் சொல்லை ஒட்டி ‘ஈய லம்பம்’ என்று வழங்கிய பள்ளங்கள், இன்று சன்வேயிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் ஏரிகளாகவும் பூங்காக்களாகவும் காட்சி தருகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயா ஈய மண்ணை வாங்கிச் சென்று நியூ ஜெர்சியில் உருக்குவதற்கு அமெரிக்க முதலாளிகள் முற்பட்டனர். உடனே, 1903இல், கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு, உருக்காமல் வெளியேறும் ஈய மண்ணுக்குத் தாங்க இயலாத வரி விதித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படும் மண்ணுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அமெரிக்கரின் முயற்சி அதோடு முடிந்தது. சிங்கப்பூரிலும் பினாங்குப் பகுதியிலும் இருந்த உருக்காலைகள் ஓங்கின. அத்தொழில் மரபு இன்றும் கிள்ளான் துறைமுகத்தை அடுத்த இண்டாத் தீவில் ஈய உருக்காலையாக நிற்கின்றது.

‘உருக்காத’ என்னும் ஓர் அடைமொழியே அன்று அந்தச் சட்டத்தின் உயிர். அச்சட்டத்தை எழுதியோர் மலாயா மக்களின் நன்மைக்காக எழுதினர் என்று கொள்வதற்கில்லை. பிரிட்டிஷ் வாணிகத்தைக் காப்பதற்கே எழுதினர். ஆயினும் கருவி கூர்மையாக இருந்தது. குடியேற்ற ஆட்சியார் தம் முதலாளிகளுக்காகக் காத்த அடைமொழியை, விடுதலை பெற்ற நாடு தன் மக்களுக்காகக் காக்க வேண்டாவோ?

கிள்ளானிலிருந்து பார்த்தால்

‘வழங்கல் தொடர்’ என்பதைச் சிலர் ‘விநியோகச் சங்கிலி’ என்கின்றனர். சங்கிலி என்னும் சொல்லுக்குத் தமிழில் அணியும் பொருள்; விலங்கும் பொருள். எப்பொருள் பொருந்தும் என்பது, சங்கிலியின் எந்த முனையில் நிற்கின்றோம் என்பதைப் பொறுத்தது. கிள்ளான் வட்டாரத்தின் வரலாறே இதற்கு உரை.

1939 சூன் மாதத்தில் அமெரிக்கா போர்க்கால மூலப்பொருள் சேமிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இன்று பேசப்படும் இன்றியமையாக் கனிமச் சட்டங்களுக்கு அதுவே மூதாதை. அதே மாதத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் பண்டமாற்று உடன்பாடு ஒன்றும் செய்துகொண்டன: ஆறு இலட்சம் பொதி அமெரிக்கப் பருத்திக்கு ஈடாக ஏறத்தாழ 85,000 டன் ரப்பர். ரப்பரின் விலையும் அளவும் 1934ஆம் ஆண்டின் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்படிக்கையால் முன்னரே முறைப்படுத்தப்பட்டிருந்தன. ஆக, 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெட்டிய பால், பல சட்டங்களாலும் உடன்படிக்கைகளாலும் காக்கப்பட்ட பால்.

வெட்டியவர்களோ காக்கப்படவில்லை. வீழ்ச்சிக் காலத்தில் 50 காசு நாட்கூலி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை மீண்ட பின்னரும் கூலி அதற்கேற்ப மீளவில்லை. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவு நீங்க வேண்டும் என்றும் கேட்டனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போர்க்காலத்தில் ரப்பர் தடைப்படலாகாது என்பதே ஆட்சியார் கூறிய நியாயம்.

ஆனால் துப்பாக்கியால் காத்த அந்தத் தொடர் ஓராண்டும் நிலைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் மலாயா முழுவதும் சப்பானியர் வசமாயிற்று. அமெரிக்கா செயற்கை ரப்பர்த் தொழிலைப் பெரும் அளவில் வளர்த்துக்கொண்டது. போர் முடிந்தபோது இயற்கை ரப்பரின் தனியாட்சி மறைந்திருந்தது. ‘இன்றியமையாதது’ என்று வாங்குவோர் சூட்டிய அடைமொழியை வாங்குவோரே கழற்றிவிட முடியும் என்பது இதனால் பெறப்படும் நீதி.

பங்காளி யார்?

இக்காலக் கனிம உடன்பாடுகள் ‘பங்காளித்துவம்’ என்னும் சொல்லை மிகுதியும் ஆள்கின்றன. தமிழில் பங்காளி என்பது எளிய சொல்லன்று. பாட்டன் சொத்தில் பங்கு உடையவனே பங்காளி. பங்காளிகளுக்குள் சண்டை வரும், வழக்கும் வரும், ஆனால் பங்கு இல்லாதவனை எவரும் பங்காளி என்று அழைப்பதில்லை. இச்சொல்லையே உரைகல்லாகக் கொண்டு உடன்பாடுகளை உரைத்துப் பார்க்கலாம்.

1956 சூலையில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஈய உடன்படிக்கையில், விளைக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒரே மன்றத்தில் அமர்ந்தன; இரு சாராருக்கும் மொத்த வாக்குகள் சமம். விலை விழுந்தால் மன்றம் ஈயத்தை வாங்கி இருப்பில் வைக்கும். விலை ஏறினால் விற்கும். 1979ஆம் ஆண்டின் இயற்கை ரப்பர் உடன்படிக்கையும் அவ்வாறே அமைந்தது. அதன் தலைமை நிலையம் கோலாலம்பூரிலேயே இருந்தது. குறைபாடுகள் பல இருந்தபோதிலும், விலையைப் பற்றிப் பேசும் உரிமை விளைப்போர்க்கு அங்கு இருந்தது. அது பங்கு.

அவை ஏன் நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். அமெரிக்கா 1976 வரை ஈய உடன்படிக்கையில் சேரவில்லை. தன் சேமிப்புக் கிடங்கிலிருந்த ஈயத்தை அது விற்கும்போதெல்லாம் மலேசியா குறைகூறி வந்தது. பின்னர், மன்றம் சந்தை தாங்காத விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்று கடனில் மூழ்கியது. 1985 அக்டோபர் 24ஆம் நாள் பணம் தீர்ந்தது. இலண்டன் சந்தையில் ஈய வாணிகம் நின்றது. விலை சரிபாதியாக விழுந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலை இழந்தனர். ரப்பர் அமைப்பும் மலேசியா விலகியதைத் தொடர்ந்து 1999இல் கலைந்தது.

ஆகவே பழைய முறைக்கே திரும்புவோம் என்று கூறுவது பொருந்தாது. ஆனால் பழைய முறையில் இருந்த ஒன்று புதிய முறையில் இல்லை என்பதைக் கூறாமல் விடுவதும் பொருந்தாது. 2025ஆம் ஆண்டின் கூட்டறிக்கையில், ‘தடை செய்யேன்’, ‘அளவுக் கட்டு விதியேன்’ என்று கனிமம் பற்றி வரும் எதிர்மறை வினைகளுக்கு எழுவாய் மலேசியா. விளைப்பவன் எதைச் செய்யமாட்டான் என்பது தெளிவாக உள்ளது. வாங்குபவன் எந்த விலைக்கு, எத்துணைக் காலம் வாங்குவான் என்பது அத்துணைத் தெளிவாக இல்லை. தெளிவின் அளவே பங்கின் அளவு.

சொல்லாமல் விட்டவை

ஒரு நூலின் குறையை அறிய, அது கூறியதை மட்டுமன்றிக் கூறாததையும் நோக்க வேண்டும். அருமண் தொழிலில் கூறாமல் விடப்படுவது கழிவு. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவில், ஈயச் சுரங்கத்தின் எஞ்சிய மணலில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அருமண்ணைப் பிரிக்கும் ஆலை 1982இல் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. தோரியம் நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. திருமணத்திலும் கூத்திலும் ஒளி வீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் ஊறியிருந்தது அதுவே. தென்குமரி மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் மோனசைட்டு அறியப்பட்டதும் அந்த மேண்டிலுக்காகத்தான். ஆனால் மேண்டிலில் இருப்பது துளி. ஆலைக்கழிவில் குவிவது மலை. ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது.

குவாந்தானை அடுத்த கெபெங்கில் 2012 முதல் இயங்கும் ஆலை, ஆஸ்திரேலியக் கனிமத்தைப் பிரிக்கின்றது. 2025இல் அங்கு டிஸ்புரோசியம் ஆக்சைடு விளைந்தது. சீனாவுக்கு வெளியே வாணிக அளவில் அது பெருஞ்சாதனை. அங்கும் கழிவு பற்றிய வாதம் நெடுங்காலம் நடந்தது. பதப்படுத்தும் ஊதியம் வேண்டுமென்றால் பதப்படுத்தும் கழிவும் வரும். ஆகவே ‘பதப்படுத்தப்பட்ட’ என்னும் அடைமொழியைக் கேட்கும் நாடு, ‘கழிவு யாருடையது?’ என்னும் வினாவையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

முடிவு

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சீர்தூக்கல் கடன். மலேசியா சிறிய நாடு. 2025இல் அதன் பொருள்கள்மேல் 19 விழுக்காட்டு வரி நின்றது. தொழில்நுட்பத்தைச் சீனா தடுத்தால் வேறு துணை தேடியே ஆக வேண்டும். கூட்டுறவின்றி ஆலை எழாது. ஆலை எழாவிட்டால் தடையும் வெறும் தடையாகவே நிற்கும். இவை யாவும் உண்மை. ஆதலின் உடன்பாடே கூடாது என்பது இத்திறனாய்வின் முடிபன்று. வலியவனோடு உடன்படும் எளியவனுக்குச் சொல் ஒன்றே வேலி. வேலியில் இடைவெளி விடலாகாது என்பதே முடிபு.

‘பதப்படுத்தப்படாத கனிமம் நீங்கலாக’ என்னும் மூன்று சொற்கள் கூட்டறிக்கையில் இடம்பெற்றிருந்தால், பின்னர் அமைச்சர் உரையாசிரியர் ஆக வேண்டிய தேவை எழுந்திராது. அம்மூன்று சொற்களைக் கேட்டுப் பெறுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பது பேச்சு நடத்தியவர்க்கே தெரியும். கேட்காமல் விட்டதன் விலையைச் செலுத்த நேர்ந்தால், செலுத்துவோர் பேச்சு நடத்தியவராக இரார். கிள்ளான் தோட்டத்து வரலாறு காட்டுவது அதுவே.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. இனச்சுட்டுள்ள அடை எது, இல்லாத அடை எது என்று கற்பிக்கும் நாளில், செந்தாமரையையும் செஞ்ஞாயிற்றையும் கூறிய பின்னர், ‘பதப்படுத்தப்படாத அருமண்’ என்பதையும் கரும்பலகையில் எழுதலாம். எழுவாய் கற்பிக்கும் நாளில், ‘உறுதி கூறியவர் யார், உறுதி பெற்றவர் யார்?’ என்று கேட்கலாம். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் என்று எண்ணும் மாணவன், அது தன் மண்ணுக்கும் காவல் என்பதை அன்று உணர்வான்.